காயிலைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

இன்ஜின் கிளம்பவில்லை என்றாலே முதல் பழி, பொறிக்கான மின்சாரம் தரும் காயில் மேல் விழுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பாடியில் ஒட்டவைத்து, கயிற்றை நாலு இழுப்பு இழுப்பார்கள். பொறி கண்ணில் படாது. "காயில் போச்சு" என்று முடிவாகிவிடும். புதுக் காயில் போட்டதும் சில சமயம் இன்ஜின் கிளம்பியும் விடும், அதுதான் வினை. காயிலை மாற்றும் சாக்கில் போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள், துருவைத் துடைத்திருப்பார்கள், ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகியிருப்பார்கள், காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவில் இடைவெளியைப் புதிதாக வைத்திருப்பார்கள். இதில் எதனால் இன்ஜினுக்கு உயிர் வந்தது என்று தெரியாமலேயே நல்ல காயில் ஒன்று பழைய இரும்புக்குப் போய்விடும்.

என் கைக்கு வருபவை பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள். தண்ணீர் பம்ப், சின்ன ஜெனரேட்டர், புல்வெட்டி, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின்சா. இவற்றில் காயில் கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை. கெடும். ஆனால் அதற்கு முன்னால் கெடக்கூடியவை ஏழெட்டு இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பத்து நிமிடத்தில், காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். எதை முதலில் பார்ப்பது, எதைப் பின்னால் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் இந்தப் பொறி எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஃபிளைவீல் என்ற கனத்த சுழல் சக்கரத்தின் விளிம்பில் காந்தம் பதித்திருக்கும். அதை ஒட்டி, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த கால்களோடு காயில் உட்கார்ந்திருக்கும். காயிலுக்குள் இரண்டு சுற்று. ஒன்றில் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். இன்னொன்றில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் கால்களைக் கடந்து போகும்போது தடித்த கம்பியில் மின்னோட்டம் எழுகிறது. அது உச்சத்தில் இருக்கும் கணம் பார்த்து, பழைய இன்ஜினில் பாயிண்ட் என்ற திறந்து மூடும் தொடுமுனை, புது இன்ஜினில் டிரான்சிஸ்டர், சுற்றைத் துண்டிக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் முழுக்க ஓர் அடி விழுமே, அப்படி. காந்தப்புலம் ஒரேயடியாகச் சரிய, மெல்லிய கம்பியின் முனையில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. பாட்டரி எதுவும் தேவையில்லை.

மேக்னட்டோ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு பழையதுதான். ராபர்ட் போஷ் 1887-இல் நிலையாக நிற்கும் ஓர் இன்ஜினுக்காக மேக்னட்டோ செய்தார். அது குறைந்த வோல்ட்டேஜ் வகை. சிலிண்டருக்குள்ளேயே தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளைப் பிரித்துப் பொறி எடுப்பார்கள். அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் 1902 வாக்கில் உயர் வோல்ட்டேஜ் மேக்னட்டோவை ஸ்பார்க் பிளக்கோடு சேர்த்துக் கொண்டுவந்தார். இன்று புல்வெட்டியில் இருப்பது அதன் வாரிசு.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு பாதிக் குழப்பம் தீரும். இந்த இன்ஜினை நிறுத்த, காயிலின் தடித்த சுற்றை எர்த்தோடு, அதாவது இன்ஜின் பாடியோடு, சேர்த்துவிடுகிறோம். ஸ்டாப் சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். அதாவது வீட்டு ஒயரிங்குக்கு நேர் எதிர். வீட்டில் ஒயர் அறுந்தால் விளக்கு எரியாது. இங்கே ஸ்டாப் ஒயர் அறுந்தால் இன்ஜின் நிற்காது. அது எங்காவது உரசிப் பாடியில் தொட்டால் இன்ஜின் கிளம்பாது. வீட்டு ஒயரிங் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். "எல்லா ஒயரும் நல்லாத்தான் சேர்ந்திருக்கு" என்பார்கள். சேர்ந்திருப்பதுதான் கோளாறே.

சரி, இன்ஜின் கிளம்பவில்லை. கோளாறு பொறியிலா, பெட்ரோலிலா? சோக்கைப் போட்டுச் சில இழுப்பு இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிளக் ஓட்டை வழியாகச் சில சொட்டு பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுக்க வேண்டும். இரண்டு விநாடி ஓடி அணைந்தால் பொறியும் சரி, அது வரும் நேரமும் ஏறக்குறைய சரி. காயிலை மறந்துவிடலாம். காயில் மாற்றச் சொல்லி வந்த இன்ஜின்களில் கணிசமானவை இந்த ஒரு சோதனையிலேயே கார்புரேட்டர் மேசைக்கு மாறிப் போகின்றன.

கயிற்றை இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாவிட்டால் அது வேறு கதை. வால்வு மூடவில்லை, அல்லது ரிங் போய்விட்டது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பொறியைப் பார்ப்பதற்கு வருகிறேன். எல்லோரும் செய்வதும் எல்லோரும் ஏமாறுவதும் இங்கேதான். பிளக்கை வெளியே வைத்துப் பார்க்கும் பொறியும், சிலிண்டருக்குள் வர வேண்டிய பொறியும் ஒன்றில்லை. வெளிக்காற்றில் ஒரு மி.மீ. இடைவெளியைத் தாண்ட சுமார் 3,000 முதல் 4,000 வோல்ட் போதும். காற்றை அமுக்கினால் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். மின்னழுத்தம் எவ்வளவு தேவை என்பது காற்றின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது என்று ஃபிரெட்ரிக் பாஷன் 1889-லேயே சொல்லிவிட்டார். ஆகவே நோஞ்சான் காயில்கூட வெளியே பார்க்கும்போது அழகாகப் பொறி காட்டும், உள்ளே போனதும் பேசாமல் இருந்துவிடும். "நல்லா கரண்ட் வருதே, ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்ற புலம்பலில் ஒரு பங்கு இதனால்தான்.

இதற்காகத்தான் ஸ்பார்க் டெஸ்டர். இன்ஜின் கம்பெனியான பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டனின் சோதனைக் கருவியில் பொறி தாண்ட வேண்டிய இடைவெளி சுமார் 4.2 மி.மீ. அதை வெளிக்காற்றில் தாண்டுகிற பொறி சிலிண்டருக்குள்ளும் தாண்டும் என்று நம்பலாம். இடைவெளியைத் திருகி மாற்றிக்கொள்ளும் வகைகளும் கிடைக்கின்றன. டெஸ்டரை ஒயருக்கும் பிளக்குக்கும் நடுவே மாட்டி, பிளக் அதன் இடத்திலேயே இருக்க இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. பிளக் வெளியே இருந்தால் கம்ப்ரெஷன் இல்லாததால் ஃபிளைவீல் சர்ரென்று சுற்றும். பிளக் உள்ளே இருக்கும்போது அந்த வேகம் வராது. மின்னணுக் காயில்கள் ஒரு குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே பொறியே தராது. பிரிக்ஸ் தன் காயில்களைச் சோதிக்க நிமிடத்துக்கு 350 சுற்றாவது வேண்டும் என்கிறது. தயங்கித் தயங்கி இழுத்தால் நல்ல காயிலும் செத்ததுபோலத்தான் இருக்கும்.

பொறியின் நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நீலம் என்றால் வலுவானது, மஞ்சள் என்றால் பலவீனம் என்று. நான் நிறத்தை நம்புவதில்லை. எவ்வளவு தூரம் தாண்டுகிறது, விடாமல் ஒரே சீராகத் தாண்டுகிறதா என்பதைப் பார்க்கிறேன். வெயிலில் நின்று பார்த்தால் எந்தப் பொறியும் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். நிழலுக்குக் கொண்டு போங்கள்.

டெஸ்டர் இல்லை, பிளக்கையே பாடியில் வைத்துத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயம். பெயிண்ட் அடித்த தகரத்தில் வைத்தால் எர்த் கிடைக்காது. சிலிண்டர் தலையின் வெற்று உலோகத்தில் அழுத்தி வையுங்கள். பிளக் ஓட்டைக்கு அருகில் வைக்காதீர்கள். இழுக்கும்போது அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி. அப்புறம், பிளக் ஒயரை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டு இழுக்கவே கூடாது. போக வழியில்லாத வோல்ட்டேஜ் காயிலின் உள் காப்பைக் கிழித்துக்கொண்டு வழி தேடும். சோதிக்கப் போய் நல்ல காயிலைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பொறி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பிளக்கை மாற்றிப் பார்ப்பது முதல் வேலை. நன்றாக ஓடும் இன்னோர் இன்ஜினிலிருந்து கழற்றிய பிளக் என்றால் இன்னும் நல்லது. புதுப் பிளக் என்பதாலேயே அது நல்ல பிளக் ஆகிவிடாது. கீழே விழுந்த பிளக்கில் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மேல் முனையிலிருந்து அறுகோண உலோகம் வரை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும் சில பிளக்குகளில். துடைத்தால் போகாது. பொறி உள்ளே போகாமல் வெளிப்பக்கமாகவே ஊர்ந்து எர்த்துக்குப் போன தடம் அது. ஒருமுறை கரித்தடம் விழுந்துவிட்டால் பொறிக்கு அதுவே ராஜபாட்டை, இனி உள்ளே திரும்பாது. ரப்பர் கேப்பின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஜோடியாக அங்கேயும் ஒரு கோடு இருக்கும்.

பிளக் முனை இடைவெளியை இன்ஜினின் கையேட்டில் உள்ளபடி வைக்க வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ் வகைகளுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ., பிரிக்ஸ் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0.76, செயின்சாக்களுக்கு இன்னும் குறைவு, பொதுவாக 0.5 தான். ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி அகலும், தேவைப்படும் வோல்ட்டேஜும் ஏறும். பிளக்கின் எண்ணில் சிக்கல் ஒன்று உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது; சாம்பியனிலும் போஷிலும் எண் கூடினால் சூட்டைப் பிடித்து வைக்கும் சூடான பிளக். "கிட்டத்தட்ட அதே நம்பர்தான்" என்று வேறு கம்பெனிப் பிளக்கை எடுத்து மாட்டினால் தலைகீழாகிவிடும். ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது கேப். திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் கழற்றி, ஒயர் முனையைப் பாருங்கள். செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தால் ஐந்தாறு மி.மீ. வெட்டிவிட்டுப் புது முனையில் கேப்பைத் திருகினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். கேப்புக்குள் ஒரு மின்தடை இருக்கும், வழக்கமாக 5,000 ஓம். அது உள்ளே அறுந்துபோனால் மீட்டரில் ஒன்றும் காட்டாது. காயிலோடு சேர்த்து வார்த்த ஒயராக இருந்தால் இந்த வசதி இல்லை. அந்த வகையில் ஒயரை இழுத்துப் பிடுங்கிப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம்.

பிளக்கும் கேப்பும் சரி, இன்னும் பொறி இல்லை. இப்போது ஸ்டாப் ஒயர். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் அதிகப் பலன் தரும் இடம் இதுதான்.

சித்தப்பாவின் பம்ப் இன்ஜினைத்தான் சொல்ல வேண்டும். "காயில் ரெண்டு மாத்தியாச்சுப்பா, இன்ஜினையே மாத்திடுங்கன்னு சொல்றாங்க" என்றார். "இருங்க சித்தப்பா, ஒரே ஒரு ஒயரக் கழட்டிப் பாத்துடறேன்" என்று ஃபேன் கவரைக் கழற்றி, காயிலிலிருந்து போகும் மெல்லிய ஸ்டாப் ஒயரின் லக்கை, அதன் முனைக் கவ்வியை, மட்டும் உருவிவிட்டு இழுத்தேன். டெஸ்டரில் பளீரென்று பொறி. இரண்டு புதுக் காயில்களும், அவற்றுக்கு முந்தின பழசும், எல்லாமே நல்லவைதான். ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஃபேன் கவரின் அடி விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே அது சிக்கி நசுங்கியிருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் உறையில் நகத்தால் கீறின அளவுக்கு ஒரு வெட்டு. அதற்குள் செம்பு ஓரிழை மினுக்கியது. கவரின் போல்ட்டை இறுக்கினால் அந்த இழை தகரத்தில் தொடும். காயில் மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றி, புதுக் காயில் போட்டு, கவரை மூடி இறுக்கியிருக்கிறார். அதாவது ஒவ்வொரு முறையும் கோளாறைத் தன் கையாலேயே திரும்பப் பூட்டியிருக்கிறார்.

"அப்போ பழைய காயில் எங்கே?" என்று கேட்டேன். சித்தப்பாவுக்கும் தெரியவில்லை.

இந்தச் சோதனை அவ்வளவு எளிது. காயிலிலிருந்து ஸ்டாப் ஒயரைப் பிரித்தால் பொறி வருகிறதா? வந்தால் காயில் நல்லதுதான். ஒயரையோ, சுவிட்சையோ, அதோடு தொங்கும் வேறெதையோ தேடுங்கள். வராவிட்டால்தான் காயில் பக்கம் சந்தேகம் நகரும். ஒயரைப் பிரித்தபடி இன்ஜினைக் கிளப்பினால் சுவிட்சால் நிறுத்த முடியாது என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். பெட்ரோல் டேப்பை மூடலாம், ஓடும்போது சோக்கை முழுக்க அடைக்கலாம். எப்படி நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்த பிறகு கிளப்புங்கள்.

ஒயரோடு தொங்கும் மற்றவற்றில் பலரும் மறந்துவிடுவது ஆயில் சென்சார். ஜெனரேட்டர்களிலும் பல பம்ப் இன்ஜின்களிலும் கிராங்க் கேஸுக்குள் ஒரு மிதவை இருக்கும். ஆயில் இறங்கினால் அது எர்த் கொடுத்துப் பொறியை நிறுத்திவிடும். இன்ஜினைக் காப்பாற்றத்தான். ஆயில் சரியாக இருந்தும் இன்ஜின் சரிவில் நின்றால் அதே கதை. சமதரைக்கு நகர்த்தி வைத்ததும் கிளம்பும், "ஆட்டி வைத்தால் சரியாகிவிடுகிறது" என்று பெயர் வாங்கும். சென்சாரே கெட்டுப்போய் எப்போதும் எர்த் கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. அதன் ஒயரைத் தனியே பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முதலில் ஆயில் குச்சியைப் பாருங்கள். சென்சாரைப் பிடுங்கிவிட்டு ஆயிலே இல்லாத இன்ஜினை ஓட்டி கனெக்டிங் ராடை உடைத்தவர்கள் நிறைய.

பாட்டரியும் சாவி சுவிட்சும் உள்ள பெரிய புல்வெட்டிகளில் ஒரு எச்சரிக்கை. காயிலின் ஸ்டாப் முனைக்குத் தப்பித்தவறி 12 வோல்ட் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் மின்னணுப் பாகம் அங்கேயே போய்விடும். பைக்கில் காயிலுக்குப் பாட்டரி கரண்ட் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் "இங்கே பவரே வரலியே" என்று ஒயர் இழுத்துக் கொடுப்பதுண்டு. அந்த முனைக்குப் பவர் வரக் கூடாது. இரட்டை சிலிண்டர் வகையில் இரண்டு காயில்களின் ஸ்டாப் ஒயர்களும் ஒன்றாகச் சேரும். ஒரு காயில் இன்னொன்றைத் தொந்தரவு செய்யாமல் இருக்க கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளை நடுவில் வைத்திருப்பார்கள். அதில் ஒன்று கெட்டால் இன்ஜின் ஒரே சிலிண்டரில் ஓடும், அல்லது சுவிட்சை அணைத்தாலும் ஒரு சிலிண்டர் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கேயும் பழி காயிலுக்குத்தான்.

இடைவெளி. காயில் கால்களுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே இருப்பது. சிறு பிரிக்ஸ் இன்ஜின்கள் பலவற்றில் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை, ஹோண்டா ஜிஎக்ஸில் 0.2 முதல் 0.6 வரை ஏற்கத்தக்கது. சாதாரண விசிட்டிங் கார்டு இந்த வேலைக்குப் போதும். இரும்பு ஃபீலர் கேஜை விட்டால் காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு கையைக் குழப்பும். காயில் போல்ட்டைத் தளர்த்தி, காந்தத்தைக் கால்களுக்கு நேரே கொண்டுவந்து, நடுவில் கார்டைச் செருகினால் காந்தமே காயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்படியே இறுக்கி, ஃபிளைவீலைச் சுற்றினால் கார்டு வெளியே வந்துவிடும். கால் முனைகளில் துரு இருந்தால் மெல்லிய எமரித் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு இடைவெளி வையுங்கள். கால்களில் பளபளவென்று ஓர் உரசல் பட்டை தெரிந்தால் ஃபிளைவீல் காயிலில் இடிக்கிறது என்று பொருள். ஃபிளைவீலைச் சுமக்கும் தண்டான கிராங்கின் பேரிங் தேய்ந்து ஆடினால் அப்படி நடக்கும். அதை இடைவெளியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

பழைய பாயிண்ட் வகையைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை போதும். பிரிக்ஸ் 1982-இல் மேக்னட்ரான் என்ற மின்னணுப் பற்றவைப்பைக் கொண்டுவந்த பிறகு அந்த இன்ஜின்களில் பாயிண்ட் மெல்ல மறைந்தது. அதற்கு முந்தினது இன்னும் ஓடுகிறதென்றால், நீண்ட நாள் சும்மா கிடந்தபின் பாயிண்ட் முனையில் படியும் மெல்லிய ஆக்சைடே பொறியைத் தடுக்கப் போதும். சுத்தமான தடித்த தாளை முனைகளுக்கு நடுவே விட்டு உருவி எடுங்கள். இடைவெளி 0.5 மி.மீ. பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டன்சர் (மின்தேக்கி) கெட்டிருந்தால் பாயிண்ட் சீக்கிரமே கருகிக் குழி விழும். அவ்வளவுதான்.

இனி வருவது எனக்குப் பிடித்த கோளாறு. பிளக் புதிது, பொறி டெஸ்டரில் 4 மி.மீ. தாண்டுகிறது, பெட்ரோல் வருகிறது, கம்ப்ரெஷன் இருக்கிறது. இன்ஜின் மட்டும் கிளம்பாது. அல்லது இழுக்கும்போது கயிறு திடீரென்று எதிர்ப்பக்கம் சுண்டி விரல்களை வலிக்க வைக்கும். கார்புரேட்டர் வழியாக "டப்" என்று துப்பும். இதைக் கேட்டதும் நான் ஃபிளைவீல் நட்டில் கை வைப்பேன். பொறி வருகிறது, ஆனால் தவறான நேரத்தில் வருகிறது.

ஃபிளைவீலுக்கும் கிராங்கின் கூம்பு முனைக்கும் நடுவே ஒரு சின்னச் சாவித் துண்டு இருக்கிறது. ஃபிளைவீலைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பிடிப்பைத் தருவது இறுக்கிய கூம்புதான். சாவி ஃபிளைவீலைச் சரியான திசையில் உட்காரவைக்கிறது. புல்வெட்டியின் பிளேடு கல்லிலோ வேரிலோ மோதும்போது கிராங்க் சட்டென்று நிற்கிறது, கனத்த ஃபிளைவீல் தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஓடப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் மென்மையான உலோகச் சாவி வெட்டுப்படுகிறது. ஃபிளைவீல் முன்னே நகர்ந்துவிட்டதால் காந்தமும் காயிலுக்கு முன்கூட்டியே வந்துவிடும். பிஸ்டன் மேலே வந்து சேர இன்னும் நிறைய தூரம் இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். கயிறு எதிர்ப்பக்கம் சுண்டுவது இதனால்தான்.

20 மி.மீ. விட்டமுள்ள தண்டில் சாவி ஒரே ஒரு மி.மீ. விலகினால் கிட்டத்தட்ட 6 டிகிரி. சாதாரணமாகவே இந்த இன்ஜின்களில் பிஸ்டன் உச்சிக்கு வர 20 டிகிரியோ, அதற்குச் சற்று மேலேயோ இருக்கும்போது பொறி விழும். அதில் 6 டிகிரி என்பது பெரிய பங்கு. நட்டைக் கழற்றியதும் பல இன்ஜின்களில் மேலிருந்தே தெரியும்: கிராங்கின் பள்ளமும் ஃபிளைவீலின் பள்ளமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். முழுக்க வெட்டுப்பட்ட சாவி யாருக்கும் தெரியும். பாதி வெட்டுப்பட்டதுதான் ஏமாற்றும். எடுத்துக் கையில் வைத்தால் அதன் பக்கவாட்டில் நடுவாக ஒரு படி தெரியும், மேல் பாதி கொஞ்சம் தள்ளி, கீழ் பாதி அப்படியே. விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். அந்தப் படி இருந்தால் சாவியை மாற்றுங்கள். அதற்குப் பதிலாகக் கடினமான எஃகில் கடைந்து போடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அடுத்த மோதலில் சாவிக்குப் பதில் கிராங்க் வளையும். கூம்பில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டை டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். நட்டு தளர்வாக இருந்தாலே, கல்லில் மோதாமலேயே, சாவி வெட்டுப்படும்.

காயில் நிஜமாகவே குற்றவாளியாக இருக்கும் இடத்துக்கு இப்போது வரலாம். குளிராக இருக்கும்போது ஒரே இழுப்பில் கிளம்பும், அரைமணி நேரம் நன்றாக ஓடும், திடீரென்று நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் அசையாது. ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். சூடாகும்போது உள்ளே கம்பி விரிந்து இணைப்பு விலகுவதோ, காப்பு தளர்வதோ இப்படிச் செய்யும். ஆனால் இதே நாடகத்தை வேறு இருவரும் ஆடுவார்கள். டேங்க் மூடியின் காற்றோட்டத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காமல் நிற்கும். மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் ஆள் அகப்பட்டான். வால்வு இடைவெளி குறைந்திருந்தால் சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரெஷன் போகும். கயிறு லேசாக வரும். எனவே நின்ற அடுத்த விநாடியே, ஆறுவதற்கு முன்பே, பொறியைப் பார்த்தாக வேண்டும். டெஸ்டரை முன்பே மாட்டி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். நிற்கும் தறுவாயில் பொறி விட்டுவிட்டு வந்து மறைவது கண்ணெதிரே தெரிந்தால், அப்புறம் விசாரணை தேவையில்லை. புதுக் காயில் போடும் முன் சிலிண்டர் துடுப்புகளில் அடைத்திருக்கும் புல்லையும் தூசியையும் எடுத்துவிடுங்கள். பழைய காயிலைச் சுட்டதே அந்த அடைப்பாக இருக்கலாம்.

மல்டிமீட்டர் இந்தப் பக்கம் பெரிய துணை இல்லை. மெல்லிய சுற்றில் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். துல்லியமான எண் மாடலுக்கு மாடல் வேறுபடும், கேப்பைச் சேர்த்து அளந்தால் அதன் 5,000 ஓமும் கூடவே வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது, தூக்கிப் போடலாம். சரியான எண் காட்டினால் மட்டும் காயில் நல்லதென்று ஆகிவிடாது. மீட்டருக்குள் இருப்பது சில வோல்ட் பாட்டரி. பத்தாயிரம் வோல்ட்டில் கிழியும் காப்பு அதற்கு எப்படித் தெரியும்? தடித்த சுற்றை மின்னணுக் காயிலில் அளப்பதில் அர்த்தமே இல்லை, நடுவில் டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது.

சிடிஐ உள்ள இன்ஜினில் வரிசை கொஞ்சம் மாறும். அங்கே ஒரு கண்டன்சரில் சில நூறு வோல்ட் சேமித்து, அதைக் காயிலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுகிறார்கள். சேமிக்கக் கரண்ட் தரும் சுற்று, நேரம் சொல்லும் பிக்கப், பெட்டி, காயில் என்று நாலு இடம். முதல் இரண்டையும் ஓமில் அளந்துவிடலாம். பெட்டியை அளக்க வழியில்லை, நல்லது ஒன்றை மாற்றிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஸ்டாப் ஒயர் சோதனை இங்கேயும் உண்டு, இங்கேயும் அதுதான் முதலில்.

எல்லாம் முடிந்து கவரை மூடும்போது ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள், விளிம்பில் சிக்காமல், ஃபிளைவீலில் உரசாமல், சைலன்சரைத் தொடாமல். இன்ஜினைக் கிளப்பிச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, ஸ்டாப் சுவிட்சை அழுத்துங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையா? சோதனைக்காகப் பிரித்த லக்கைத் திரும்ப மாட்டியிருக்க மாட்டீர்கள். பெட்ரோல் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை காத்திருந்து, கவரை இன்னொரு முறை கழற்றுங்கள்.